ஆற்றைக் கடத்தலும் ஆற்றின்வழிச் செல்லுதலும்: தகடூர்ப் பகுதிக் காவிரியும் சீனக் கால்வாய் வரலாறும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சீன அரசுகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு முதல் ஆறுகளைக் கால்வாய்களால் இணைத்து, உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்தை நீர்வழியாக நடத்தின. தமிழகத்திலும் நீரியல் அறிவு தொன்மையானது. எனினும் இங்கு வெட்டப்பட்ட கால்வாய்கள் பெரும்பாலும் பாசனத்துக்கே பயன்பட்டன. இவ்வேறுபாட்டின் காரணங்களைக் காவிரி தமிழகத்துள் நுழையும் தருமபுரிப் பகுதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நிலச்சரிவு, அரசின் வரித்தேவை, மாற்று வழிகளின் இருப்பு ஆகிய மூன்றும் அக்காரணங்களாக முன்வைக்கப்படுகின்றன. ஆற்றைக் கடக்கும் போக்குவரத்தையும் ஆற்றின்வழிச் செல்லும் போக்குவரத்தையும் பிரித்தறிய வேண்டும் என்பது கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தகடூர், காவிரி, பரிசல், அதியமான் பெருவழி, சீனப் பெருங்கால்வாய், பக்கிங்காம் கால்வாய், உள்நாட்டு நீர்வழி.

முன்னுரை

தமிழரின் நீர்வழிப் போக்குவரத்து குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கடலை நோக்கியே அமைந்துள்ளன. புகார், கொற்கை, முசிறி ஆகிய துறைமுகங்களும் சோழர் கடற்படையும் விரிவாக ஆராயப்பட்ட அளவுக்கு உள்நாட்டு ஆறுகளில் நிகழ்ந்த போக்குவரத்து ஆராயப்படவில்லை. ஆய்ந்த சிலரும் ஓடம், அம்பி, தோணி, புணை, பஃறி முதலிய சொற்களைத் தொகுத்து, தமிழக ஆறுகள் அனைத்தும் படகோடும் வழிகளாக இருந்தன என்று பொதுமைப்படுத்தும் போக்கைக் காணலாம். சொல் வழக்கில் இருந்தது என்பது உண்மை. அச்சொல் எந்த நிலத்தில், எத்தகைய ஆற்றில், எப்பயனுக்கு வழங்கியது என்பதும் உடன் வினவப்பட வேண்டும்.

இவ்வினாவுக்குத் தருமபுரி மாவட்டம் பொருத்தமான களமாகும். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம், 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபின் இன்றைய எல்லையைப் பெற்றது. காவிரியும் தென்பெண்ணையும் இதனைத் தொட்டுச் செல்கின்றன. இரண்டு ஆறுகள் இருந்தும் இப்பகுதியின் வணிகம் ஆற்றுவழியாக வளரவில்லை. இது ஏன் என்பதைச் சீனக் கால்வாய் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கும்போது சில தெளிவுகள் கிடைக்கின்றன.

1. சீனக் கால்வாய்கள்: தேவையும் நுட்பமும்

சீனாவின் பேராறுகளான மஞ்சளாறும் யாங்சியும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. அந்நாட்டின் அரசியல் தலைநகரங்கள் நெடுங்காலம் வடக்கிலும், நெல் மிகுதியாக விளையும் நிலம் தெற்கிலும் அமைந்தன. எனவே வடக்குத் தெற்காகச் செல்லும் நீர்வழியை இயற்கை தரவில்லை. அதனை வெட்டி உண்டாக்க வேண்டியதாயிற்று. கி.மு. 486-இல் வூ நாட்டு மன்னன் புச்சாய், யாங்சியையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் ஹாங்கோவ் கால்வாயை வெட்டினான். வடக்கே படையும் உணவும் அனுப்புவதே அதன் நோக்கம். கி.மு. 214-ஐ ஒட்டி முதற் சின் பேரரசர் காலத்தில் ஷி லு என்பவர் மேற்பார்வையில் லிங்சூ கால்வாய் அமைந்தது. ஏறத்தாழ 36 கி.மீ. நீளமே உடைய இக்கால்வாய், வடக்கே யாங்சிப் படுகையைச் சேரும் சியாங் ஆற்றையும் தெற்கே ஓடும் லி ஆற்றையும் இணைத்தது. தென்னாட்டுப் படையெடுப்புக்கு உணவு கொண்டுசெல்லும் தேவையே இதனையும் தோற்றுவித்தது.

சுயி மரபைச் சேர்ந்த யாங்டி பேரரசர் காலத்தில், கி.பி. 605 முதல் 610 வரை, பழைய கால்வாய்கள் விரிவாக்கப்பட்டுப் புதியனவற்றோடு இணைக்கப்பட்டன. 605-இல் தொடங்கிய ஒரு பகுதிப் பணியில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈடுபடுத்தப்பட்டதாகச் சுயி மரபின் வரலாற்று நூல் கூறுகிறது. கட்டாய உழைப்பும் தொடர்ந்த போர்களும் கிளர்ச்சிகளுக்கு வழிவகுக்க, 618-இல் அம்மரபு வீழ்ந்தது. ஆயினும் அது விட்டுச்சென்ற கால்வாயைப் பின்வந்த மரபுகள் கைவிடவில்லை. தெற்கின் வரிநெல் ஆண்டுதோறும் வடக்கே செல்லும் அரசுமுறை ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

நுட்பத்தில் இரண்டு நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, 984-இல் சியாவ் வெய்யுவே என்னும் அதிகாரி ஹுவாய் ஆற்றுப் பகுதியில் அமைத்த இரட்டை மதகு. அதற்கு முன்னர், நீர்மட்டம் மாறும் இடங்களில் படகுகளைச் சரிவுமேடைகளில் கயிற்றால் இழுத்து ஏற்றினர். படகுகள் உடைந்தன, உடைந்த படகிலிருந்து அரசு நெல் களவு போயிற்று. இரண்டு மதகுகளை ஏறத்தாழ ஐம்பது தப்படி இடைவெளியில் அமைத்து, இடையே படகை நிறுத்தி நீரை ஏற்றியும் இறக்கியும் அவ்வதிகாரி இதற்குத் தீர்வு கண்டார். இரண்டாவது, மிங் மரபுக் காலத்தில் 1411-இல் நடைபெற்ற நான்வாங் பணி. கால்வாயின் மிக உயர்ந்த பகுதியில் நீர் நில்லாமல் போனபோது, அரசு அதிகாரி சாங் லி, பாய் யிங் என்னும் உள்ளூர் முதியவரின் அறிவுரையை ஏற்று, அருகிலுள்ள வென் ஆற்றை அணையிட்டுத் திருப்பி, மேட்டிலிருந்து இருபுறமும் நீர் பிரிந்தோடச் செய்தார்.

இங்கு ஓர் அளவை மனங்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 1,794 கி.மீ. நீளமுள்ள பெருங்கால்வாயின் மிக உயர்ந்த பகுதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. அந்த 40 மீட்டரைக் கடப்பதற்கே பல நூற்றாண்டு நுட்பமும் அரசின் பெருஞ்செலவும் தேவைப்பட்டன.

2. காவிரியின் நிலச்சரிவு

தலைக்காவிரி கடல்மட்டத்திலிருந்து 1,341 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் ஏறத்தாழ 240 மீட்டர். ஏறத்தாழ 800 கி.மீ. நீளமுள்ள காவிரி கருநாடகத்தில் 320 கி.மீ., இரு மாநில எல்லையாக 64 கி.மீ., தமிழகத்தில் 416 கி.மீ. ஓடுகிறது. அதாவது, மேட்டூரை அடையுமுன்பே அது ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. எஞ்சிய நெடுந்தொலைவில் இறங்குவது அதன் நான்கில் ஒரு பங்கு மட்டுமே.

இவ்விறக்கம் சீரானதன்று. சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் ஆறு பாறையிலிருந்து அருவியாக வீழ்கிறது. கன்னடத்தில் ஒகேனக்கல் என்பதற்குப் ‘புகையும் கல்’ என்பது பொருள். வீழும் நீரின் திவலை புகையெனத் தோன்றுவதால் அமைந்த பெயர். சின்னாறு கலக்கும் அவ்விடத்தில் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து, கரும்பாறைகளுக்கிடையே குறுகிய பிளவுகளின் வழியே செல்கிறது. கோடையில் பாறை தெரியும் அளவுக்கு நீர் குறையும். பருவமழைக் காலத்தில் அருவியே மறையும் அளவுக்கு வெள்ளம் பெருகும். சரக்கேற்றிய படகு எதிரேறிச் செல்வதற்கு இவ்விரு நிலைகளும் இடந்தருவதில்லை. சீனப் பொறியாளர்கள் எதிர்கொண்ட சிக்கல் சமநிலத்தில் நீரை நிறுத்துவது. இங்குள்ள சிக்கல் வீழும் நீரை ஏறுவது. இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கன அல்ல.

3. சங்க இலக்கியம் காட்டும் இரு வழிகள்

இந்நிலவேறுபாட்டைச் சங்க இலக்கியம் தெளிவாகவே பதிவுசெய்துள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, உப்பை விற்று அதற்கு மாற்றாகப் பெற்ற நெல்லோடு வந்த பஃறிகள் புகாரின் உப்பங்கழிக் கரையில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. இங்குப் படகு சரக்கூர்தியாக இயங்குகிறது. கழிமுகத்தின் சமநிலமும் மெல்ல நகரும் நீரும் அதற்கு இடந்தந்தன.

அதே உப்பு உள்நாட்டுக்குச் செல்லும்போது ஊர்தி மாறுகிறது. அங்கு நாம் காண்பது உமணரின் மாட்டு வண்டிகளையும் கழுதைகளையும் ஆகும். தகடூரோடு நேரடித் தொடர்புடைய சான்றே இதற்கு உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார் (புறநானூறு 102), மேடும் பள்ளமுமான வழியில் பெருஞ்சுமையோடு செல்லும் உமணர், அச்சு முறியக்கூடும் என அஞ்சி வண்டியின் அடியில் கட்டிச்செல்லும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். தகடூர் அரசமரபைப் பாடும் புலவர், கேட்போர் உடனே உணரத்தக்க உவமையாக ஒரு வண்டியுறுப்பைத் தேர்ந்தது தற்செயலன்று எனலாம். அந்நாட்டின் அன்றாட வணிகம் சக்கரத்தின் மேல் நடந்தது.

மேல்நிலத்து ஆற்றையும் புலவர்கள் அறிந்திருந்தனர். கணியன் பூங்குன்றனார் (புறநானூறு 192) கல்லில் மோதி ஒலிக்கும் பேரியாற்றின் போக்கில் செல்லும் புணையை வாழ்வுக்கு உவமையாக்குகிறார். அப்புணை நீர் செலுத்தும் வழியே செல்வது, எதிரேறுவதன்று. மெய்யியற் கருத்துக்காகவே பெரிதும் எடுத்தாளப்படும் அப்பாடல், மேல்நிலத்து ஆற்றுப் பயணத்தின் தன்மைக்கும் சான்றாகிறது. ஆக, சங்க இலக்கியத்தில் படகுச் சொற்கள் பல உள்ளமையை மட்டும் கொண்டு அனைத்து ஆறுகளையும் வணிக வழிகளாகக் கொள்வது பொருந்தாது.

4. பெருவழி நாடு

இடைக்காலத்திலும் இந்நிலையே தொடர்ந்தது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த இரு மைல்கற்கள் இவ்வகையில் முதன்மையான சான்றுகளாகும். கி.பி. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாகக் கணிக்கப்படும் அவை, ‘அதியமான் பெருவழி’ என வழியின் பெயரையும், நாவற்தாவளம் என்னும் ஊருக்குரிய தொலைவை முறையே 27 காதம், 29 காதம் எனவும் குறிப்பிடுகின்றன. தொலைவு எண்ணால் மட்டுமன்றிக் கல்லில் அகழ்ந்த குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. எழுத்தறியாத வண்டியோட்டியும் குழிகளைக் கண்டோ தடவியோ தொலைவை அறியலாம். தாவளம் என்பது வணிகச் சாத்துகள் தங்கும் இடத்தைக் குறிக்கும் சொல் என்பதும் நோக்கத்தக்கது.

அரசோ வணிகக் குழுவோ ஒரு வழிக்குப் பெயரிட்டு, தொலைவளந்து, கல் நட்டுப் பேணியது என்பது அவ்வழியின்மீது செய்யப்பட்ட முதலீட்டைக் காட்டுகிறது. சீனப் பேரரசு கால்வாயின்மீது செய்த முதலீட்டுக்கு இணையாகத் தகடூர்ப் பகுதியில் வைத்து எண்ணத்தக்கது இப்பெருவழியே. ஆகவே, ‘இங்கு ஏன் கால்வாய் இல்லை’ என்னும் வினா, ‘இங்குப் போக்குவரத்து எதன்மீது நின்றது’ என மாற்றிக் கேட்கப்படும்போதுதான் விடை பெறுகிறது.

5. பரிசல்: கடக்கும் ஊர்தி

பெருவழி ஆற்றைச் சந்திக்கும் இடத்தில் பரிசல் தேவைப்பட்டது. மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னி, வெளியே தோல் போர்த்திய இவ்வூர்தி கன்னடத்தில் ஹரிகோலு எனவும் தெலுங்கில் புட்டி எனவும் வழங்கும். தோலுக்கு மாற்றாக இன்று தாரும் நெகிழித்தாளும் பயன்படுகின்றன. கி.பி. 1520-ஐ ஒட்டி விசயநகரம் வந்த போர்த்துகீசியப் பயணி தொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் இத்தகைய கூடைப்படகுகளைக் கண்டு எழுதியுள்ளார். அவை பதினைந்து, இருபது பேரை ஏற்றவல்லன. தேவையெனில் குதிரையும் எருதும் அவற்றில் கடக்கும். நேராகச் செல்லாமல் சுழன்றபடியே செல்லும் என்பன அவர் தரும் செய்திகள்.

பரிசலின் அமைப்பு பாறையாற்றுக்கு மிகப் பொருத்தமானது. அடிப்பாகம் தட்டையாதலால் ஆழமற்ற நீரிலும் மிதக்கும். கூரிய முகப்பு இன்மையால் பாறையில் மோதினும் எளிதில் பிளவாது. எடை குறைவாதலால் ஓட்டுபவரே கவிழ்த்துத் தலைமேல் சுமந்து, அருவியையோ பாறைத் தொடரையோ நிலவழியே கடந்து மீண்டும் நீரில் இறக்கலாம். சீனாவில் படகை மேலேற்ற நீரை உயர்த்தினர். காவிரியில் படகையே மனிதர் சுமந்தனர். முன்னது அரசின் தீர்வு. பின்னது ஒரு தொழிலாளியின் தீர்வு.

எனினும் பரிசலின் பயன் அடிப்படையில் அக்கரை சேர்ப்பதே ஆகும். ‘துறை’ என்னும் சொல் உள்நாட்டு ஆற்றுப் பகுதிகளில் பெரும்பாலும் ஆற்றைக் கடக்கும் இடத்தையே சுட்டுகிறது. ஆற்றைக் கடத்தல், ஆற்றின்வழிச் செல்லுதல் என்னும் இரண்டையும் ‘நீர்வழிப் போக்குவரத்து’ என்ற ஒரே தலைப்பில் அடக்குவதால்தான் ஆய்வுகளில் குழப்பம் நேர்கிறது. முன்னதில் ஆறு ஒரு தடை. பின்னதில் ஆறே வழி.

6. பாசனக் கால்வாயும் அரசின் தேவையும்

நிலச்சரிவு மட்டுமே காரணமாயின், சமநிலமான கீழ்க்காவிரியிலாவது பெரும் போக்குவரத்துக் கால்வாய்கள் தோன்றியிருக்க வேண்டும். அங்கும் வெட்டப்பட்டவை பாசனக் கால்வாய்களே. கொங்கு நாட்டில் 1283-இல் நிறைவுற்றதாகக் கூறப்படும் காலிங்கராயன் கால்வாய், பவானியாற்று நீரை வளைந்து வளைந்து ஏறத்தாழ 90 கி.மீ. கொண்டுசென்று நொய்யலில் சேர்க்கிறது. நீளத்தில் இது லிங்சூவைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. இரண்டு ஆறுகளை இணைத்தும் இது படகுவழியாகக் கருதப்படவில்லை. வயலுக்கு நீர் தருவதே அதன் குறிக்கோள்.

இங்கு அரசின் வரித்தேவை இரண்டாம் காரணமாகிறது. சீனப் பேரரசு தொலைவிலுள்ள தலைநகரையும் எல்லைப்படையையும் ஊட்ட வரிநெல்லை ஓரிடத்தில் குவித்தது. சோழர் ஆட்சியில் நிலவருவாயின் பெரும்பகுதி ஊர், நாடு, கோயில் ஆகிய அமைப்புகளின் வழியே விளைந்த இடத்துக்கு அருகிலேயே செலவிடப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தலைநகரமும் நெல் விளையும் நிலமும் ஒரே சமவெளியில் இருந்தன. விதிவிலக்குகள் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் ஈழத்து ஊர்களிலிருந்தும் அக்கோயிலுக்கு நெல்லும் காசும் வரவேண்டும் என ஆணையிடுகின்றன. ஆனால் அதற்குக் கடலே வழியாக அமைந்தது. புதுக் கால்வாய் தேவைப்படவில்லை.

7. குடியேற்றக் காலத்தில் கால்வாயும் இருப்புப்பாதையும்

போக்குவரத்துக் கால்வாய் என்னும் கருத்து தமிழகத்தில் வலுப்பெற்றது ஆங்கிலேயர் காலத்தில்தான். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே பேசில் காக்ரேன் பெயரால் தொடங்கிய கால்வாயை 1837-இல் அரசு ஏற்றது. படிப்படியாக நீட்டிக்கப்பட்ட அது, 1876–78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. உப்பும் விறகும் நெல்லும் அதன்வழிச் சென்றன. பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ அக்கால்வாயில் மேற்கொண்ட படகுப் பயணத்திலிருந்து பிறந்தது. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப்பின் அதன் போக்குவரத்து நலிந்தது. கடலோரச் சமநிலத்திலேயே அது இயன்றது என்பதும், அதன் ஒரு பகுதி பசித்தோரின் கூலி உழைப்பால் வெட்டப்பட்டது என்பதும் சுயி காலத்தை நினைவூட்டுகின்றன.

மேல்நிலத்தில் இதே முயற்சி வெற்றிபெறவில்லை. துங்கபத்திரை நீரைக் கொண்டு, பாசனத்துக்கும் படகுக்கும் ஒருசேர அமைக்கப்பட்ட கர்நூல்–கடப்பைக் கால்வாய் நட்டத்தில் முடிய, 1882-இல் அரசு அதனை விலைக்கு வாங்கியது. இருப்புப்பாதையைவிடப் படகுக் கால்வாயே மலிவானது எனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் தொடர்ந்து வாதிட்டார். அன்றைய சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரி அப்பஞ்சத்தால் கடுமையாகத் தாக்குண்ட வட்டாரமாகும். தீவனமும் நீருமின்றி மாடுகள் மடிந்தபோது வண்டிப் போக்குவரத்தும் தளர்ந்தது. பஞ்சத் தடுப்புக்கென இப்பகுதி பெற்றது கால்வாயை அன்று. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் போடப்பட்ட குறுகிய இருப்புப்பாதையை. அதுவும் 1941-இல் மூடப்பட்டது.

8. மேட்டூருக்குப் பின்

1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணை இவ்வரலாற்றில் எதிர்பாராத திருப்பத்தை உண்டாக்கியது. ஓடும் ஆறு பரந்த நீர்ப்பரப்பானது, ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும்போது பண்ணவாடியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளிப்படுவதை இன்றும் காணலாம். தருமபுரி மாவட்டத்தின் நாகமரை, ஒட்டனூர் ஆகிய கரைகளுக்கும் சேலம் மாவட்டத்தின் பண்ணவாடி, கோட்டையூர் ஆகிய கரைகளுக்கும் இடையே பரிசலும் படகும் இயங்கும் துறைகள் இதனால் இன்றியமையாதன ஆயின. நிலவழியே சுற்றிச் செல்வோர்க்கு நெடுந்தொலைவாகும் பயணத்தை அவை சுருக்குகின்றன. இங்கும் நிகழ்வது கடத்தலே.

2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டம் நாட்டில் 111 நீர்வழிகளை அறிவித்தது. அவற்றுள் காவிரி–கொள்ளிடம் வழி பவானிக்கு அருகிலுள்ள ஊராட்சிக்கோட்டையிலிருந்து கடல்வரை 364 கி.மீ. எனக் குறிக்கப்பட்டுள்ளது, தென்பெண்ணை வழி சாத்தனூர் அணைக்குக் கீழேயே தொடங்குகிறது. தருமபுரிப் பகுதி இரண்டிலும் இடம்பெறவில்லை. சங்க காலத்தில் பஃறிக்கும் வண்டிக்கும் இடையே இருந்த அதே எல்லைக்கோட்டைச் சட்டமும் ஏறத்தாழப் பின்பற்றியுள்ளது.

2013-இல் இரு நாடுகளிலும் நிகழ்ந்த இரண்டு செயல்கள் ஒப்புநோக்கத்தக்கவை. அவ்வாண்டு சீனா, பெருங்கால்வாயின் பழைய தடத்தைப் பெரிதும் பயன்படுத்தி, யாங்சி நீரை வடக்கே ஏற்றும் கிழக்குவழித் திட்டத்தை இயக்கத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயற்பாட்டுக்கு வந்து, நிலத்தடி நீரின் புளூரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் பழுதுற்ற தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரி நீரைக் குழாய்வழியே கொண்டுசென்றது. சரக்கை ஏந்திய கால்வாயிலும் சரக்கை ஏந்தாத ஆற்றிலும் இன்று நீரே சரக்காகியுள்ளது.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. தகடூர்ப் பகுதியில் ஆற்றுவழி வணிகம் வளராமைக்கு நீரியல் அறிவின் குறைவு காரணமன்று. காவிரியின் செங்குத்தான சரிவும் பருவ மாற்றமும் முதற் காரணம். தொலைதூர வரிநெல்லைக் குவிக்கும் தேவை அரசுக்கு இல்லாமை இரண்டாம் காரணம். அதியமான் பெருவழி போன்ற நிலவழிகள் இருந்தமை மூன்றாம் காரணம்.

2. சங்க இலக்கியத்தின் படகுச் சொற்களைத் திணை, நிலம், பயன் ஆகியவற்றோடு பொருத்தியே வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டும். கழிமுகத்துப் பஃறியும் மேல்நிலத்துப் புணையும் ஒன்றல்ல.

3. பரிசலைத் தொடக்கநிலைப் படகாக மதிப்பிடுவது பொருந்தாது. பாறையாற்றைக் கடத்தல் என்னும் குறித்த தேவைக்குச் செப்பமாக அமைந்த நுட்பம் அது.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் குறுக்கே ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இடையே பாலம் வேண்டும் என்பது இருகரை மக்களின் நெடுநாள் கோரிக்கை; அது நியாயமானதே. பாலம் வரும்போது துறைகள் ஓயும். பரிசலுக்குரிய மூங்கிலைத் தேர்தல், பின்னும் முறை, நீரோட்டத்தை இனங்காணும் அறிவு, துறைகளின் பெயர்கள், கட்டணமுறை ஆகியவை அத்தொழில் செய்வோரின் நினைவிலேயே பெரிதும் உள்ளன. சீனத்தின் நான்வாங் பணியில் பாய் யிங் என்னும் உள்ளூர் முதியவரின் பெயர், அதிகாரியின் பெயரோடு வரலாற்றில் நின்றது. காவிரிக் கரையின் பரிசல் அறிவைத் துறைவாரியாகத் தொகுத்துப் பதிவுசெய்வது தருமபுரி வட்டார வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும்.